சுழியும் நடையும்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிப் புதுப்பாளையத்தில் சந்தை கூடும். அங்கே குதிரை வாங்க வந்தவரின் கண் எங்கெங்கே போகிறது என்று பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தால், நம் ஊர்க் குதிரை அறிவின் பலமும் பலவீனமும் ஒரே பகலில் புரிந்துவிடும். முதலில் சுழி. நெற்றியில் எத்தனை, கழுத்தில் எந்தப் பக்கம், மார்பில் உண்டா, விலாவில் உண்டா. அடுத்து நிறம். நான்கு காலும் முகமும் வெளுத்த பஞ்சகல்யாணி என்றால் தனி மரியாதை. அடுத்து காது. உள்ளே வளைந்து நுனியோடு நுனி தொட்டால் மார்வாரி, கத்தியவாரி ரத்தம் என்று விலை ஏறும். கடைசியாகத்தான் குதிரையை அவிழ்க்கிறார்கள். அவிழ்த்ததும் மேளம். குதிரை நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கி ஆடுகிறது. கூட்டம் சேர்கிறது. தரகர் துண்டை விரிக்கிறார். துண்டுக்கடியில் விரல்கள் பேசி முடிக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் அந்தக் குதிரை நேராகப் பத்தடி நடந்து காட்டியிருக்காது.

கோயிலுக்கும் ஊர்வலத்துக்கும் கல்யாண மாப்பிள்ளைக்கும் குதிரை வாங்குகிறவருக்கு இது போதும். ஆனால் சில ஆண்டுகளாகச் சந்தையில் வேறொரு வகை ஆட்களையும் பார்க்கிறேன். கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள குதிரையேற்றப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் அவர்கள். இரண்டு மூன்று ஆண்டு பள்ளிக் குதிரையில் ஏறிப் பழகிய பெண்ணோ பையனோ டிரெஸ்ஸாஜ் போட்டிக்குத் தயாராக வேண்டும் என்று கேட்கிறது. ஐரோப்பாவிலிருந்து குதிரை இறக்கும் வசதி வீட்டில் இல்லை. பழகிய குதிரை உள்ளூரில் அகப்படுவதும் அரிது, அகப்பட்டாலும் விலை எட்டாது. அதனால், பழகாத இளங்குதிரை ஒன்றைக் குறைந்த காசுக்கு வாங்கி நாமே பழக்கிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்து அந்தியூருக்கு வருகிறார்கள். அல்லது பந்தயத்தில் ஓடி முடித்த குதிரை ஏதாவது கிடைக்குமா என்று உதகை, சென்னைப் பக்கம் விசாரிக்கிறார்கள்.

இந்த வழக்கத்தை எடைபோட்டுப் பார்ப்பதே இங்கே என் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கம் நல்லது. வாங்குகிற கண்தான் தவறான இடத்தில் நிற்கிறது. விலையில் மிச்சம் பிடித்த காசை நாம் உண்மையிலேயே மிச்சம் என்று நினைத்துக்கொள்கிறோம். அது அந்தக் குதிரையைப் பழக்கப் போகிறவருக்குச் சேர வேண்டிய கூலி.

டிரெஸ்ஸாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பழக்குதல் என்றுதான் பொருள். 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள களத்தில், குறித்த இடங்களில் குறித்த அசைவுகளைக் குதிரை செய்ய வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார். ஓட்டத்தின் வேகமோ தாண்டலின் உயரமோ அங்கே கணக்கில்லை. நடை, துள்ளோட்டம், பாய்ச்சல் மூன்றும் சுத்தமாக இருக்கிறதா, குதிரை தளர்வாக இருக்கிறதா, வாய் கடிவாளத்தோடு சண்டை போடாமல் இருக்கிறதா, முதுகு வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. நம் முன்னோருக்கு இந்தப் பார்வை புதிதல்ல. குதிரையின் நடையை ஐந்து கதியாகப் பிரித்துப் பெயரிட்டவர்கள் அவர்கள். ஐங்கதி என்ற சொல் அகராதியில் இருக்கிறது. சந்தையில்தான் இல்லாமல் போயிற்று.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றதிலிருந்து இந்த ஆசை கொங்கு வீடுகளிலும் கூடியிருக்கிறது. குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம் அது. அனுஷ் அகர்வல்லா, ஹிருதய் விபுல் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா நால்வரில் முதல் மூவரின் மதிப்பெண்ணைக் கூட்டினால் 209.205. அதாவது ஆளுக்குச் சராசரியாக 70 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே. அனுஷ் அகர்வல்லா மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஏறினார். டிரெஸ்ஸாஜில் ஒலிம்பிக் களம் கண்ட முதல் இந்தியர் அவர். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நால்வரும் ஐரோப்பாவில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பயின்றவர்கள், ஏறியதும் ஐரோப்பியக் குதிரைகள். அந்தப் பாதையும் அந்தியூர்ச் சந்தையில் தொடங்கும் பாதையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக நினைத்து இறங்குகிறவர் குதிரை மேலேயே கோபப்பட ஆரம்பித்துவிடுவார்.

அப்படியென்றால் அந்தியூர்க் குதிரை எதற்கு ஆகும்? தொடக்க நிலை, அதற்கடுத்த நிலைத் தேர்வுகளில் நடுவர் கேட்பது 20 மீட்டர் வட்டம் வட்டமாக இருக்கிறதா, நில் என்றால் நான்கு காலும் சதுரமாக நிற்கிறதா, நேர்கோடு கோணாமல் வருகிறதா என்பவைதான். மூன்று நடையும் பழுதில்லாமல் உள்ள சாதாரணக் குதிரை, பொறுமையாகப் பழக்கினால் இவற்றுக்கு ஆறோ ஆறரையோ வாங்கும். நடுவரின் அளவுகோலில் ஆறு என்றால் திருப்தி என்று பொருள். பத்து வயதுப் பிள்ளைக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் உட்காரும் முறையையும் கையை அடக்குவதையும் கற்றுக்கொடுக்க அந்தக் குதிரை போதும், போதுமென்பதற்கும் மேல். விலை உயர்ந்த குதிரையின் முதுகில் பிள்ளை தன் தவறை உணராமலே நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். சாதாரணக் குதிரை ஒவ்வொரு தவறையும் திருப்பிக் காட்டும்.

இந்த வழக்கத்தின் இன்னொரு பலம் நம் மண். காங்கேயம், தாராபுரம் பக்கக் கொறங்காடுகளைப் பாருங்கள். கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். காங்கேயம் காளையின் காலையும் குளம்பையும் உருவாக்கிய தரை அது. நான்கு சுவருக்குள் நின்று வளர்ந்த குட்டியையும், சரளைக்கல் தரையில் ஏறி இறங்கித் திரிந்து வளர்ந்த குட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் குளம்பின் இறுக்கத்திலேயே வித்தியாசம் தெரியும். முள்கம்பி வேலியில் மார்பைக் கிழித்துக்கொள்ளும் குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு, கிளுவை வேலி எவ்வளவு பெரிய கொடை என்று விளக்க வேண்டியதில்லை. வசதியுள்ள நாடுகளில் இளங்குதிரையை மூன்று வயது வரை மேய்ச்சலில் விட்டுவிடுவதற்குப் பெரிய பண்ணை வேண்டும். நமக்கு மாமன் வீட்டுக் கொறங்காடே போதும்.

சுழி பார்ப்பதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறவர்களோடும் நான் சேர மாட்டேன். ஒரு சுழி குடும்பத்தை அழிக்கும், இன்னொன்று ராஜயோகம் தரும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சுழிக்காக நல்ல குதிரை விலைபோகாமல் நிற்பதும், அதே காரணத்தால் விவரம் தெரிந்தவருக்கு அது மலிவாகக் கிடைப்பதும் உண்மை. குறைந்த காசோடு போகிறவருக்கு இது ஒரு வழி. ஊர் ஒதுக்கிய சுழிக்காரக் குதிரையை முதலில் போய்ப் பாருங்கள். ஆனால் சுழி பார்க்கும் பழக்கம் ஒரு கண்ணைப் பயிற்றியிருக்கிறது. பன்னாட்டுப் போட்டிக்குப் போகும் குதிரையின் பாஸ்போர்ட்டில் உடல் படம் வரைந்து, ஒவ்வொரு சுழியையும் பெருக்கல் குறியிட்டுக் காட்டுகிறார்கள். இரண்டு குதிரைக்குச் சுழி ஒன்றுபோல் அமையாது என்பதால் அதுவே அடையாளம். நம் தரகர் பரம்பரையாகச் செய்வதும் அதுதான். மூன்றாண்டுக்கு முன் விற்ற குதிரையைச் சுழியை வைத்தே அடையாளம் சொன்ன பெரியவரைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு கூர்மையான கண் ஒரு சாண் கீழே இறங்கி முழங்காலையும் கணுவையும் பார்க்காமல் போவதுதான் என் வருத்தம்.

இனி நாட்டியக் குதிரை. இந்த வழக்கத்தின் மிகப் பெரிய சிக்கல் இதில்தான் இருக்கிறது. சொல்கிறவர் யாரும் முழுதாகச் சொல்லாததால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

டிரெஸ்ஸாஜின் உச்ச நிலையில் பியாஃப் என்றொரு அசைவு உண்டு. குதிரை நின்ற இடத்திலேயே குறுக்குக் கால் ஜோடியை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தியூரில் மேளத்துக்கு ஆடும் குதிரையும் அதையேதான் செய்கிறது. இதைக் காட்டி, "பாருங்க தம்பி, நீங்க சொல்ற வெளிநாட்டு ஆட்டத்த நம்ம குதிர ஏற்கெனவே ஆடுதுங்க" என்று விற்கிறார்கள். கேட்கிறவருக்கு மனம் குளிர்ந்துவிடுகிறது. பத்தாண்டுப் பாடத்தைக் கற்று முடித்த குதிரை பாதி விலைக்குக் கிடைக்கிறதே!

என் முதல் குதிரை அப்படி வாங்கியதுதான். நான்கு வயது, செம்மண் நிறம், தாளம் தப்பாத கால். வீட்டுக்கு வந்த மறுநாள் சேணம் போட்டு ஏறி, கடிவாளத்தைக் கையில் எடுத்தேன். ஆட ஆரம்பித்தது. நிறுத்த இழுத்தேன், இன்னும் வேகமாக ஆடியது. நடக்கச் சொல்லிக் காலால் தொட்டேன், தலையை வானத்துக்குத் தூக்கி ஆடியது. அதற்கு வாயில் எந்த அசைவு பட்டாலும் ஒரே பொருள்தான் தெரியும்: ஆடு, இல்லாவிட்டால் வலிக்கும். கழுத்தைத் தாழ்த்தி, மூக்கை முன்னால் நீட்டி, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பதறாமல் நடக்க வைக்க எனக்கு ஓராண்டும் நான்கு மாதமும் ஆனது. விற்றவரை நான் குறை சொல்லவில்லை. அவர் விற்றது நாட்டியக் குதிரை. நான்தான் அதை வேறொன்றாக நினைத்து வாங்கினேன்.

வேறுபாடு குதிரையின் முதுகில் இருக்கிறது. பியாஃப் செய்யும் குதிரையின் பின்பகுதி தாழும், பின்கால் வயிற்றுக்கடியில் வரும், முதுகு மேலே எழும், வாய் மென்மையாக இருக்கும். எடையில் கூடுதல் பங்கைப் பின்னங்கால் ஏற்றுக்கொள்வதால் முன்பகுதி லேசாகும். நாட்டியக் குதிரைக்குப் பெரும்பாலும் தலை மேலே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். முதுகு பள்ளமாகும், பின்கால் வெளியே நிற்கும், முன்கால் தரையை அறையும். ஆடி முடித்த குதிரையைக் கயிறு தளர்த்தி அப்படியே நடத்திப் பாருங்கள். பியாஃப் கற்ற குதிரை மூச்சு விட்டு, தலையைத் தாழ்த்தி நடந்து போய்விடும். நாட்டியக் குதிரைக்கு நடையே வராது.

வியப்பு என்னவென்றால் இரண்டு மரபுக்கும் கருவி ஒன்றுதான். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியிலும் இரண்டு தூணுக்கு நடுவில் குதிரையை நிறுத்தித்தான் இந்த அசைவைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரிலும் இரு பக்கமும் கட்டித்தான் ஆட்டம் பழக்குகிறார்கள். அங்கே அது பல ஆண்டு ஏற்றத்துக்குப் பிறகு, முதுகும் பின்காலும் வலுத்தபின் வரும் பாடம். இங்கே முதல் பாடமே அதுதான். எழுத்துக் கற்காத பிள்ளைக்குச் செய்யுளை மனப்பாடம் செய்வித்தது போல ஆகிறது. பிள்ளை ஒப்பிக்கும். ஆனால் ஒரு வரி வாசிக்கச் சொன்னால் முழிக்கும்.

ஆனாலும் நாட்டியம் பழக்குகிறவர்களின் திறமையை நான் தாழ்த்த மாட்டேன். மேளம், வெடி, சீரியல் விளக்கு, ஆயிரம் பேர் கூட்டம் எதற்கும் மிரளாத குதிரையை அவர்கள் உருவாக்குகிறார்கள். போட்டிக் களத்தில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால் ஓடும் குதிரைகளைக் கண்டவருக்கு அதன் அருமை தெரியும். அந்த மனத்திடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதற்கு ஒரு வழி உண்டு. ஆடும் குதிரையை வாங்காமல், அதன் பக்கத்தில் கட்டியிருக்கும், இன்னும் ஆட்டம் பழக்காத தம்பிக் குதிரையை வாங்குவது. அதுவும் அதே மேளத்தைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கும்.

இதே ரகத்தில் இன்னொரு கண்ணி ரேவால் நடை. மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளில் சிலவற்றுக்கு ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து எழும் ஓட்டம் இயல்பாக வரும். சிலவற்றுக்குப் பழக்கி வரவைப்பார்கள். மேலே உட்கார்ந்தால் தண்ணீர் தளும்பாது, அவ்வளவு சுகம். நெடும்பயணத்துக்கு இதைப் போல ஒன்றில்லை. டிரெஸ்ஸாஜில் இது ஆகாது. துள்ளோட்டத்தில் குறுக்குக் கால்கள்தான் ஜோடி சேர வேண்டும். நடையில் நான்கு அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஓட்டத்தை ஓரளவு திருத்தலாம். கெட்ட நடையைத் திருத்துவது மிகக் கடினம் என்று பழக்குகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சிமெண்டுத் தரையில் நடக்க விட்டுக் கண்ணை மூடிக் காதால் கேளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சம இடைவெளியில் விழுந்தால் சரி. இரண்டிரண்டாகச் சேர்ந்து விழுந்தால், எவ்வளவு அழகான குதிரையானாலும் வேறொருவருக்கு விட்டுவிடுங்கள்.

வயது விஷயத்தில் மாட்டுச் சந்தை அறிவு நமக்குக் கைகொடுக்கும். குதிரைக்கும் இரண்டரை வயதில் நடு இரண்டு பால்பல் விழுந்து நிலைப்பல் வரும், மூன்றரையில் நாலு பல், நாலரையில் ஆறு பல், ஐந்தில் வாய் நிறைந்துவிடும். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுக்கும் குதிரைக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும். நாலு வயது என்று சொல்லப்படும் குதிரையின் வாயில் இரண்டு பல் மட்டும் இருப்பது சந்தையில் அபூர்வமல்ல. அதன் முதுகில் ஏற்கெனவே சேணத் தழும்பும் இருந்தால் கவலைப்பட வேண்டும். குதிரையின் எலும்பு கீழிருந்து மேலாக முற்றுகிறது. கணுக்கால் முதலில், முதுகெலும்பு கடைசியில், ஐந்து வயதும் தாண்டி. இரண்டு வயதில் எழுபது கிலோ ஆளைச் சுமந்த முதுகு பன்னிரண்டு வயதில் என்ன கேட்கும் என்று வாங்கும்போது தெரியாது. நாலு பல் போட்ட, யாரும் ஏறாத, மனிதரிடம் பழகிய குதிரையே என் தேர்வு. பெண் குதிரையாகவோ காயடித்த ஆணாகவோ இருக்கட்டும். காயடித்தால் குதிரையின் கம்பீரம் போய்விடும் என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். பிள்ளை ஏறப் போகும் குதிரைக்கு, பக்கத்து லாயத்துப் பெண் குதிரையைப் பார்த்துக் கத்தாமல் பாடத்தில் கவனம் வைப்பதே கம்பீரம்.

பந்தயக் குதிரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 ஜூனில் உதகைப் பந்தயத் திடலின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டி நிலத்தின் குத்தகையும் ரத்தானது. பந்தயக் களம் சுருங்கச் சுருங்க, ஓடி முடித்த குதிரைகளுக்கு வேறு வீடு தேட வேண்டியிருக்கிறது. உயரம் உண்டு, நீண்ட எட்டு உண்டு, பிறப்புச் சான்றும் வம்சாவளியும் எழுத்தில் உண்டு, விலையும் சில நேரம் நாட்டியக் குதிரையைவிடக் குறைவு. நடையை மட்டும் பார்த்தால் இதுவே சிறந்த தேர்வு. குறை இரண்டு. இரண்டு வயதிலேயே முழு வேகத்தில் ஓடியதால் முன்காலின் பின்பக்கத் தசைநாண் வீங்கித் தழும்பேறியிருக்கலாம். கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே தடவிப் பார்த்தால் கயிறு போல நேராக இருக்க வேண்டும், வில் போலப் புடைத்திருக்கக் கூடாது. அடுத்து, கடிவாளத்தை இறுக்கினால் அதன் மேல் சாய்ந்து வேகமெடுக்க வேண்டும் என்றே அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். டிரெஸ்ஸாஜில் அதே சைகைக்கு நேர் எதிர்ப் பொருள். மறக்கடிக்க முதல் ஆறு மாதமாவது அனுபவசாலி ஒருவர் ஏற வேண்டும். பிள்ளை ஏறலாகாது.

எந்தக் குதிரையானாலும் பணம் கைமாறும் முன் மருத்துவர் பார்க்க வேண்டும். கேட்டால், "குதிர வெலையே அம்பதாயிரம், டாக்டருக்கு எதுக்குங்க?" என்பார்கள். நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி எழவே கூடாது. காலை மடக்கிப் பிடித்து உடனே ஓடவிட்டு நொண்டுகிறதா என்று பார்ப்பது, கண்ணில் விளக்கடிப்பது, ஓடியபின் நெஞ்சைக் கேட்பது எல்லாம் ஒரு மணி நேர வேலை. கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனையை மட்டும் யார் சொன்னாலும் விடாதீர்கள். அது மனிதருக்கும் தொற்றும் நோய், தடுப்பூசி கிடையாது, உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கொன்றுவிட வேண்டும். பல மாநிலக் குதிரைகள் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும் சந்தையிலிருந்து வருவதை, மூன்று வாரமாவது மற்றக் குதிரைகளிடமிருந்து விலக்கிக் கட்டுவதே முறை.

வாங்கியதோடு செலவு முடிந்ததாக நினைப்பது தமிழ்நாட்டில் பழைய நோய். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, கடல் வழியே ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான குதிரைகள் பொன் கொடுத்து இறக்கப்படுவதையும், ஆண்டு முடிவில் நூறு கூட உயிரோடு மிஞ்சாததையும் எழுதிவைத்தார். லாடம் கட்டத் தெரிந்தவரோ பராமரிக்கத் தெரிந்தவரோ இல்லை என்பதே அவர் சொன்ன காரணம். அவர் கணக்கில் மிகை இருக்கலாம், காரணத்தில் இல்லை. நானூறு கிலோ குதிரைக்கு நாளுக்கு எட்டுக் கிலோ உலர்தீவனம் என்றால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட மூன்று டன். ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் என்றால் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது தடவை. அந்த லாடக்காரர் மாட்டுக்கு மட்டும் கட்டிப் பழகியவராக இருந்தால், குளம்பின் கோணம் மாறி, நல்ல நடைக்காகத் தேடித்தேடி வாங்கியது ஆறே மாதத்தில் வீணாகும்.

தீவனத்தில் கொங்குக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. மேலே நான் புகழ்ந்த கொழுக்கட்டைப் புல்லில் ஆக்சலேட் அதிகம். மாட்டின் வயிறு அதைச் செரித்துவிடும், குதிரையின் வயிற்றுக்கு முடியாது. புல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ஆக்சலேட் பிடித்துவைத்துக்கொள்ள, உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். முகத்தெலும்பு இரு பக்கமும் உப்பும், கால் மாறி மாறி நொண்டும். இதோடு சத்து என்று நினைத்து நாளும் தவிடு கரைத்து வைத்தால் நிலைமை இன்னும் மோசம். தவிட்டின் பாஸ்பரஸ் சுண்ணாம்பை மேலும் தடுக்கும். வளரும் எலும்புள்ள இளங்குதிரைக்கு இது சாபம். கொறங்காட்டில் விடுங்கள், ஆனால் அதையே முழு உணவாக்காதீர்கள். சுண்ணாம்புச் சத்து நிறைந்த குதிரைமசாலைச் சேருங்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பசுவுக்காகவே பயிரிடுகிறோம். பெயரிலேயே குதிரை இருக்கிறது. இளஞ்சோளப் பயிரையும் தொடவிடக் கூடாது. அதன் நஞ்சு மாட்டைக் கொல்வதை அறிந்த விவசாயிக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

காசுக்கு வருகிறேன். கையில் மூன்று லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் இரண்டரை லட்சத்துக்குக் குதிரை, மீதிக்குச் சேணம் என்று கணக்குப் போடுகிறார்கள். நான் குதிரைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்கச் சொல்ல மாட்டேன். அழகைக் குறைத்துக்கொள்ளுங்கள், நிறத்தை விட்டுக்கொடுங்கள், சுழியை மறந்துவிடுங்கள். மீதி இரண்டு லட்சம், பழக்கும் ஆசிரியருக்கும் லாடக்காரருக்கும் மருத்துவருக்கும். பிள்ளையும் புதிது, குதிரையும் புதிது என்றால் இரண்டுக்கும் நடுவில் விவரம் தெரிந்த ஒருவர் வாரம் மூன்று நாளாவது நிற்க வேண்டும். அவர் கிடைக்காவிட்டால் குதிரை வாங்கும் எண்ணத்தையே தள்ளிப்போடுவது நல்லது. இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். ஆசிரியர் இல்லாமல் வாங்கப்பட்டு, இரண்டு முறை பிள்ளையைக் கீழே தள்ளி, முரட்டுக் குதிரை என்று பெயரெடுத்து, கைமாறிக் கைமாறிக் கடைசியில் கடற்கரைச் சவாரியில் எலும்பும் தோலுமாக நிற்கும் குதிரைகளை நினைத்தால் எனக்குத் தாங்குவதில்லை. அவற்றில் பல நல்ல நடையோடு பிறந்தவை.

ஒருவரால் முடியாத செலவைப் பங்கிடவும் நம்மிடம் பழைய முறை இருக்கிறது. ஆட்டையும் மாட்டையும் வாரத்துக்கு விடுவோமே. ஒருவர் முதல் போட, ஒருவர் வளர்க்க, பலனைப் பிரித்துக்கொள்வது. குதிரைக்கு ஏன் கூடாது? இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு குதிரை, கொறங்காடு வைத்திருப்பவர் வீட்டில் வளர்ப்பு, வாரத்தில் ஆளுக்கு இரண்டு நாள் ஏற்றம். பள்ளிகளும் தங்கள் பழகிய குதிரையை இப்படிப் பாதி வாரத்துக்கு விட்டால், வாங்கும் முன்பே ஒரு குதிரையின் முழுச் செலவும் எவ்வளவு என்பதை வீட்டார் கண்ணால் பார்ப்பார்கள். நாட்டின் குதிரை, மட்டக்குதிரை எண்ணிக்கை 2012 கணக்கெடுப்பில் சுமார் 6.3 லட்சமாக இருந்து 2019இல் சுமார் 3.4 லட்சமாகிவிட்டது. குறைந்துகொண்டே போகும் கூட்டத்தில் நல்ல நடையுள்ள குட்டி ஒன்றைக் கெடுக்காமல் வளர்ப்பதற்கு முன்பைவிட இப்போது பொருள் அதிகம்.

போன முறை அந்தியூருக்குத் தெரிந்த வீட்டுப் பெண்ணொருத்தியையும் அவள் அப்பாவையும் கூட்டிப் போயிருந்தேன். வரிசைக் கடைசியில் மங்கலான காவி நிறத்தில், முகத்தில் ஒரு வெள்ளைக் கோடு கூட இல்லாத பெண் குதிரை. நாலு பல். கூட்டம் எதுவும் அதன் பக்கத்தில் இல்லை. மேளம் வேண்டாம் என்று சொல்லி, கயிற்றைத் தளர்த்தி, முந்தின இரவு மழையில் நனைந்திருந்த மண்ணில் நடத்திக் காட்டச் சொன்னோம். அது தலையைத் தாழ்த்தி, அவசரமில்லாமல் நடந்தது. அவள் குனிந்து தடத்தைப் பார்த்தாள். முன்குளம்பு பதிந்த இடத்தைத் தாண்டி, நான்கு விரல் முன்னால் பின்குளம்பு பதிந்திருந்தது. ஒவ்வொரு அடியிலும் அதே நான்கு விரல். இன்னொரு முறை நடத்தச் சொன்னாள். மறுபடி அதே தடம். விற்க வந்த பெரியவர் கயிற்றைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, சுழி பாக்கலீங்களா?" என்றார்.

"தடத்தப் பாத்தாச்சுங்கய்யா" என்றாள் அவள். "ரத்தம் எடுத்துப் பாக்க டாக்டரக் கூட்டிட்டு வரலாமுங்களா?"